மழை கேட்காத அறை

ருஷ்தியின் ஸ்டூடியோவில் மழைச் சத்தம் கேட்காது. பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறுகிற வீதியில் வேறு எந்த வீட்டைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே தகரமானாலும் ஓடானாலும் மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவரின் பேச்சே காதில் விழாது. ருஷ்தியின் அறைக்குள் நின்று பாடிவிட்டு வெளியே வந்தவர்கள் முற்றம் வெள்ளமாகக் கிடப்பதைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். கண்டியில் பாட்டுப் பதிகிறவர்கள் அவனைப் பற்றி முதலில் சொல்வது இதைத்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்குப் பெருமையாக இருக்கும். கூடவே பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடவும் தோன்றும். அதற்குக் காரணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் தெல்தோட்டையில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் கண்டி நகரத்தில் கசற் பதிகிற கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரே நேரத்தில் ஆறு இயந்திரங்கள் ஓடும். எந்த இயந்திரத்தில் நாடா இழுபடுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவான். சீடி வந்தது, கசற் செத்தது, கடையும் மூடப்பட்டது. பிறகு கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளுக்கும் ஒலிபெருக்கி கட்டினான். ரிப்காவைக் கல்யாணம் முடித்தபோது, மாமனார் கலஹா வீதியில் ஒரு சரிவான காணித்துண்டு கொடுத்தார். முன்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் மலை, மலைக்கு மேல் செசிலியா அக்காவின் வீடு.

2016இல் அந்த மலையைக் குடைந்துதான் ஸ்டூடியோவைக் கட்டினான். அனுமதி எடுத்த வரைபடத்தில் எட்டு அடி மட்டும் வெட்டலாம் என்றிருந்தது. மூன்று பக்கமும் மண் இருந்தால் பஸ் சத்தமும் வராது, மழைச் சத்தமும் வராது என்பது அவன் கணக்கு. மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் ஓட்டியவரிடம் இன்னும் உள்ளே போகச் சொன்னான். பதினைந்து அடி போயிற்று. வண்டியை நிறுத்திவிட்டு அந்த மனுஷன் மேலே பார்த்தார்.

"மேல ஆள் இருக்காங்களே?"

"அது தூரம்தானே" என்றான் ருஷ்தி.

மண்ணைத் தாங்க, அறையின் பின்சுவராகவே அணைசுவரைக் கட்டிய மேசன், மண்ணில் ஊறுகிற தண்ணீர் வடிவதற்கென்று ஆறு இடத்தில் குழாய்த் துண்டு வைத்துத் துவாரம் விட்டிருந்தார். ஸ்டூடியோவில் முதன்முதலாகப் பாடியவர் கண்டிப் பள்ளிவாசலொன்றில் நபிபுகழ்க் கஸீதா பாடுகிறவர். அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டபோது, அவர் மூச்செடுக்கிற இடங்களிலெல்லாம் பின்னால் சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம் கேட்டது. துவாரங்களில் தண்ணீர் வடிகிற சத்தம். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகுமுன், ஒரு சட்டியில் சீமெந்து குழைத்து ஆறு துவாரத்தையும் தன் கையாலேயே அடைத்தான். அவற்றின் மேல் சத்தம் உறிஞ்சுகிற பலகையை அறைந்தான். மேசனிடம் சொல்லவில்லை, ரிப்காவிடமும் சொல்லவில்லை.

ஒன்பது வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததாலேயே, செய்தது பிழையில்லை என்று நினைத்துக்கொள்ளப் பழகியிருந்தான்.

போன வருஷம் நவம்பரில் 'ஏழாம் நம்பர்' பாட்டுக்குழுவினர் தங்கள் கடைசி ஆல்பத்தைப் பதிய வந்தார்கள்.

தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு நம்பர் உண்டு. குழுவைத் தொடங்கிய சுதேஷின் அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தது ஏழாம் நம்பர் மலையில். அந்தப் பெயரைத்தான் அவன் தன் குழுவுக்கு வைத்திருந்தான். சுதேஷ் பாடுவான், கிற்றார் வாசிப்பான். அனோஜன் தப்புப் பறையும் டிரம்ஸும் அடிப்பான். அவன் பேராதனையில் ஆய்வுகூட உதவியாளன், யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குக் கண்டியில் பிறந்தவன். வயலினுக்கு நிருஷா. தோட்டத்துத் தப்பு அடிக்கு மேல் மின்கிற்றாரை உறும விட்டு அவர்கள் போட்ட பாட்டுகள் கண்டி மாவட்டத்து லயன் வீடுகளில் எல்லா இளைஞர்களின் கைப்பேசியிலும் இருந்தன. மூன்று ஆல்பமும் ருஷ்தியின் ஸ்டூடியோவில்தான் பதிவாயின. மூவருக்கும் அவன் நானா, அதாவது அண்ணன்.

இது நாலாவது. இதற்குப் பிறகு கிடையாது. சுதேஷுக்கு ருமேனியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை சரிவந்திருந்தது.

"டிசம்பர் ரெண்டாந் தேதி டிக்கட் போட்டாச்சு நானா" என்றான் முதல்நாளே. "பத்துப் பாட்டு. எப்படியாச்சும் முடிச்சிடணும். இத விட்டா இனி எப்பன்னு தெரியாது."

"முடிச்சிரலாம்" என்றான் ருஷ்தி.

முதல் நாள் வெயில் அடித்தது. இரண்டாம் நாளிலிருந்து மழை. தப்பின் தோல் ஈரத்துக்குத் தளரும், நெருப்பில் வாட்டினால்தான் குரல் எழும். வாகனம் நிறுத்துகிற கொட்டிலுக்குக் கீழே பழைய பத்திரிகைகளைக் கொளுத்தி அனோஜன் தப்பை வாட்டி எடுத்துக்கொண்டு ஓடி வருவான். முந்திய ஆல்பங்களின்போது ஒரு தடவை வாட்டினால் ஒரு பாட்டு முழுக்கத் தாங்கும். இந்த முறை பாதிப் பாட்டிலேயே குரல் இறங்கிப்போனது.

"அறைக்குள்ளதான் ஈரம் நானா" என்றான் அனோஜன். "வெளியில பரவாயில்லை. உள்ள வந்தவுடன தோல் தொய்யுது."

ருஷ்தி பின்சுவர்ப் பலகையில் கையை வைத்துப் பார்த்தான். காய்ச்சல்காரனின் நெற்றி வியர்த்ததுபோல் குளிர்ந்து நனைந்திருந்தது. ஏசி இயந்திரத்தில் கோளாறு என்று சொல்லிவிட்டான்.

மூன்றாம் நாள் காலை செசிலியா அக்கா குடையோடு படியிறங்கி வந்தார். கண்டித் தபால் கந்தோரில் முப்பத்து நாலு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா கட்டிய வீட்டில் தனியே இருந்தார். பிறந்தது முதல் கண்டியில் இருந்தும் பேச்சு மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தான்.

"ருஷ்தி தம்பி, என்ர குசினிக்குள்ள நிலம் பிளந்திருக்கு. போன கிழமை நூல் மாதிரி இருந்தது. இண்டைக்கு என்ர விரல் போகுது. ஒருக்கா வந்து பாரும்."

ருஷ்தி போய்ப் பார்த்தான். குசினியில், அடுப்படி மூலையில் தொடங்கிய வெடிப்பு கதவடியால் வெளியே போய், மல்லிகைச் செடியைத் தாண்டி, மலையின் விளிம்புக்கு ஒப்பாக நீண்டிருந்தது. அந்த விளிம்புக்கு நேர்கீழே அவனுடைய ஸ்டூடியோவின் பின்சுவர். அவன் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான்.

"பழைய சீமெந்து அக்கா. மழைக்கு வெடிக்கிறதுதான். வெயில் வந்தா மேசனக் கூட்டிட்டு வாறேன்."

"அப்ப பயமில்லையோ?"

"பயமில்ல" என்றான்.

படியிறங்கி வரும்போது அந்தச் சொல் அவன் கூடவே இறங்கி வந்தது. ஸ்டூடியோவுக்குள் சுதேஷ் கிற்றாரின் நரம்பை முறுக்கிக்கொண்டு, நேரம் போகிறதே என்ற முகத்தோடு நின்றான். ருஷ்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் ஸ்டூடியோக் கதவு சாத்த முடியாமல் இறுகியது. சத்தம் போகாதபடி பலாப் பலகையில் செய்த கனத்த கதவு அது. ஒன்பது வருஷமாக ஒரு விரலால் தள்ளினால் மூடும். தச்சனைக் கூப்பிட நேரமில்லை. ருஷ்தியே இழைப்புளியை எடுத்து மேல்விளிம்பைச் சீவினான். அன்று மாலை மூடியது. மறுநாள் காலை மறுபடியும் இறுகிக் கிடந்தது. இரண்டாவது தடவை சீவும்போது, வீங்கியது கதவல்ல, நிலைதான் சரிந்திருக்கிறது என்று கண்டான். கண்டும் சீவிக்கொண்டே இருந்தான்.

அன்று நிருஷா தன் வயலின் பகுதியைத் தனியாக வாசித்தாள். பாதியில் வில்லை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு தட்டுறது?"

"யாரும் தட்டல" என்றான் சுதேஷ்.

"இல்ல, எனக்குப் பின்னால ரெண்டு தரம் தட்டினாங்க."

அவளுக்குப் பின்னால் இருந்தது மலைப்பக்கத்துச் சுவர். ருஷ்தி பதிவைப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டான். வயலினுக்கு அடியில், காதுக்கு எட்டுமோ எட்டாதோ என்கிற ஆழத்தில், இரண்டு அடி. தப்பின் தோல் தளர்ந்து தானாக அதிர்ந்திருக்கும் என்றான். அனோஜன் மூலையில் சாத்தியிருந்த தப்பைப் பார்த்தான். பிறகு ருஷ்தியைப் பார்த்தான்.

மறுநாள் அவர்கள் வருவதற்கு முன்பே ருஷ்தி தனியாக உள்ளே போனான். நல்ல மைக் ஒன்றை எடுத்துச் சுவரோடு ஒட்ட வைத்து, ஹெட்போனை மாட்டி, ஒலியைக் கூட்டினான். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம், பெரிய பாத்திரத்தில் யாரோ அரிசி களைவதுபோல ஒரு சத்தம், நிறுத்தாமல், அவசரப்படாமல். மண்ணுக்குள் தண்ணீர் அசைகிறது. போக இடமில்லாத தண்ணீர். இருபத்தேழு வருஷம் கேட்டே பிழைத்த காதுகள் அவனுடையவை. அந்தச் சத்தத்தை வேறொன்றாக நினைக்க அவற்றால் முடியவில்லை.

அடைத்ததைத் திறந்துவிடலாமா என்று யோசித்தான். பலகையைக் கழற்றவேண்டும். கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் மேலே செசிலியா அக்காவுக்கும் சொல்லவேண்டும். இன்னும் மூன்று பாட்டு. மூன்று நாள். அவர்கள் போனபின் திறக்கலாம் என்று முடிவெடுத்தான்.

வீட்டுக்குள் ரிப்கா மகளின் புத்தகங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரோட்டோரத்து ஊத்துத் தண்ணி வாற பீலியப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். "ஆறு நாளா மழ ஊத்து ஊத்துன்னு ஊத்துது. பீலி பெருக வேணுமே. நூல் கணக்கா வருது. மழைக்குப் பீலி வத்துமா? நீங்களே செல்லுங்க."

அவன் மேசையிலிருந்த ஹெட்போனை எடுத்துக் கழுத்தில் மாட்டினான்.

"எனக்குப் பயமா ஈக்கிது. நான் புள்ளயக் கூட்டிக்கொண்டு பிலிமத்தலாவைக்கு ராத்தாட வீட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க."

"ரெண்டு நாள் பொறு. வேலய முடிச்சிட்டு வாறேன்."

"அந்த அறைக்குள்ள என்ன வச்சீக்கிறீங்க? அத விட்டு வரேலாம இருக்க?"

அவள் சும்மா ஆத்திரத்தில் கேட்டாள். ருஷ்தியின் முகம் வெளுத்ததைக் கண்டதும், மேலே கேட்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் பஸ் பிடிக்க நடந்தாள்.

வியாழக்கிழமை. ஒரு கிழமையாக விடாத மழை. காலையில் எல்லோருடைய கைப்பேசியிலும் மண்சரிவு எச்சரிக்கை வந்தது. கிராம சேவகர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வீதியோர வீட்டுக்காரரையெல்லாம் வெளியேறச் சொல்லிக்கொண்டு போனார், பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்திருப்பதாகச் சொன்னார். ருஷ்தி தலையை ஆட்டினான். சுதேஷும் மற்ற இருவரும் முழங்காலுக்குமேல் நனைந்து, பேராதனையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார்கள். பஸ் ஓடவில்லை.

ஒன்பது பாட்டு முடிந்திருந்தது. பத்தாவதுக்குச் சுதேஷின் குரல் மட்டும்தான் பாக்கி. ஏழாம் நம்பர் மலையைவிட்டு இறங்கிப் போகிற ஒருத்தனின் பாட்டு அது. அவனே எழுதியிருந்தான்.

முதல் தடவை குரல் கரகரத்தது. இரண்டாவது நன்றாக வந்தது. ஆனாலும் அவனுக்குத் திருப்தியில்லை. அதை அழிக்கச் சொல்லிவிட்டு மூன்றாவது தடவை பாடத் தொடங்கினான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ருஷ்தி ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். சுதேஷ் உச்சத்தில் இழுத்துப் பாடுகிற இடம். அதற்கு அடியில், சுவரோடு விட்டிருந்த மைக்கில், அரிசி களைகிற சத்தம் நின்றது. திடீரென்று நின்றது. சத்தம் இருந்ததைவிட அது நின்றது பயங்கரமாக இருந்தது.

சுதேஷுக்குப் பின்னால் பலகையொன்று சுவரைவிட்டு மெல்ல முன்னே சரிந்தது. அதன் பின்னாலிருந்து பட்டென்று ஏதோ தெறித்து நிலத்தில் உருண்டது. ஒரு சீமெந்துக் கட்டி, குழாயின் வட்டம் அப்படியே அச்சாகப் பதிந்தது. அது இருந்த இடத்திலிருந்து காவி நிறத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

ருஷ்தி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவை உதைத்துத் திறந்தான்.

"வெளிய! எல்லாரும் வெளிய போங்க!"

"நானா, இன்னும் நாலே வரி" என்றான் சுதேஷ். கண்கள் இன்னும் பாட்டுக்குள்ளேயே இருந்தன. "தண்ணிதானே, பாத்துக்கலாம். இத முடிச்சிட்டுப் போறோமே."

ருஷ்தி பிரதான ஆளியை இழுத்து மின்சாரத்தை நிறுத்தினான். அறை இருண்டது. அவன் சுதேஷின் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். நிருஷா வயலினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அனோஜன் மட்டும் கணினிக்குப் பக்கத்தில் குனிந்து கைப்பேசி வெளிச்சத்தில் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"விடு அத!"

"வாறன் நானா, வாறன்."

ஹார்ட் டிஸ்கைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவனும் வெளியே வந்தான்.

"ரோட்டால மேல போங்க. வளைவில ஈக்கிற பள்ளிக்கூடத்துக்கு. நிக்காம போங்க. ரோட்டில வாற ஆக்களயும் நிப்பாட்டுங்க."

"நீங்க?"

ருஷ்தி படியேறத் தொடங்கியிருந்தான். செசிலியா அக்காவின் வீட்டுக்கு ஐம்பத்தெட்டுப் படி. பாதிப் படிகள் கோணலாகச் சரிந்திருந்தன. இரண்டு படிகளுக்கு நடுவே கால் போகிற அளவு இடைவெளி தெரிந்தது.

செசிலியா அக்கா கதிரையில் உட்கார்ந்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். வானொலி மெல்லப் பாடியது.

"அக்கா, எழும்புங்க. போவோம்."

"எங்க? கிராம சேவகரும் வந்து சொன்னவர்தான். நான் யோசிச்சனான் தம்பி. கீழ உம்மட ஸ்டூடியோவில அந்தப் பிள்ளையள் பாடிக்கொண்டு இருக்கினம். ஆபத்தெண்டா நீர் அவையளை உள்ளுக்கு வைச்சிருப்பீரோ? நீர் பயப்பிடாட்டி நான் ஏன் பயப்பிடவேணும்?"

ருஷ்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். தான் அங்கே இருந்ததைப் பார்த்துத்தான் இந்த மனுஷி இத்தனை நாளாக இங்கே இருந்திருக்கிறார்.

"அக்கா, நான் பொய் செல்லிட்டேன்."

"என்ன?"

"எட்டு அடி வெட்டத்தான் அனுமதி. நான் பதினஞ்சு வெட்டினேன். சுவர்ல தண்ணி வடியிறதுக்கு ஆறு ஓட்ட ஈந்திச்சு. சத்தம் வருதுன்னு நான்தான் அடச்சேன். தண்ணி போக வழியில்ல. ஒங்கட குசினி வெடிச்சது அதனாலதான். எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும்."

செசிலியா அக்கா மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். கோபமா, இன்னும் விளங்கவில்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. வானொலியை நிறுத்தினார். எழுந்து அலுமாரியைத் திறந்து ஒரு கைப்பையை எடுத்தார். வெளியே வந்து, பழக்க தோஷத்தில், கதவைப் பூட்டினார். ருஷ்தி நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

படிவழியே போக முடியாது. பின்பக்கத்துத் தேயிலைக்குள்ளால், மலையோடு பக்கவாட்டில் நடந்தார்கள். செடிகள் கையைக் கிழித்தன. நூறு யார் தூரம் போயிருப்பார்கள். செசிலியா அக்கா மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தார்.

முற்றத்துப் பலா மரம் நகர்ந்துகொண்டிருந்தது. சாயவில்லை, முறியவில்லை. நின்றது நின்றபடி, ஒரு ஆள் நடந்து போவதுபோல் வீட்டைவிட்டு விலகிப் போனது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. வீட்டின் முன்சுவர் கீழ்நோக்கி மடிந்தது. ஓடுகள் ஒரு கணம் ஆகாயத்தில் நின்றன. அதன் பிறகு வீடென்று ஒன்றுமில்லை. சிவப்பு மண் ருஷ்தியின் ஸ்டூடியோவையும் வீட்டையும் ஒரே வாயில் விழுங்கி, வீதியைக் கடந்து, கீழே ஓடைவரைக்கும் போய்த்தான் நின்றது. பகல் பதினொன்றரை மணிகூட ஆகவில்லை.

செசிலியா அக்கா அழவில்லை. கையிலிருந்த, கதவைப் பூட்டிய திறப்பைப் பார்த்தார். பிறகு அதைக் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

அந்த வாரம் மலைநாட்டில் எத்தனையோ மலைகள் இறங்கின. ஹுன்னஸ்கிரியப் பக்கம் வீதி அறுந்து போனது. எங்கெங்கோ குடும்பம் குடும்பமாக மண்ணுக்குள் போனதாகச் செய்தி வந்தது. கலஹா வீதியில் அந்த இடத்தில் மட்டும் ஓர் உயிரும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள் ருஷ்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். தன் வீடு போகும் என்று தெரிந்தும் மேலே ஓடி ஒரு கிழவியைக் காப்பாற்றிய மனிதன் என்று யாரோ அவன் படத்தைப் போட்டு எழுதினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்தார்கள். சுதேஷ் கண்ணீர்விட்டு அவனைக் கட்டிப்பிடித்தான்.

விபரம் எடுக்க வந்த உத்தியோகத்தர் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் கேட்காமலே 'கடும் மழை' என்று எழுதினார். ருஷ்தி கீழே கையெழுத்து வைத்தான். பேனையைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றதைக் கண்டு அவர், பாவம், அதிர்ச்சி என்றார்.

செசிலியா அக்கா மூன்று நாள் அவனோடு பேசவில்லை. வகுப்பறையின் மறுமூலையில், சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் நேராக உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் காலை, தேத்தண்ணீர்க் கோப்பையோடு ருஷ்தி அவரைக் கடந்து போகும்போது கூப்பிட்டார்.

"இரும்."

அவன் நிலத்தில் உட்கார்ந்தான்.

"எல்லாரும் உம்மைப் புகழுகினம். என்னட்டையும் வந்து, அவரால தானே நீங்கள் உயிரோட இருக்கிறியள் எண்டு சொல்லுகினம். நான் ஓம் எண்டுதான் சொல்லுறன். அது பொய்யில்லைத்தானே."

ருஷ்தி கோப்பையை நிலத்தில் வைத்தான்.

"அண்டைக்கு நீர் சொன்னதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். நான் சொன்னா அது முறைப்பாடு. நீர்தான் சொல்லவேணும்."

"செல்லாட்டி?"

"சொல்லாட்டி நான் என்ன செய்யிறது? என்ர வீட்டையே கொண்டு போட்டீர். இனி என்னட்டை என்ன இருக்கு உம்மைப் பயப்பிடுத்த?"

அன்று பகல் அவன் பிலிமத்தலாவைக்குப் போய் ரிப்காவிடம் முதலில் சொன்னான். அவள் முற்றத்தில் நின்ற மகளைப் பார்த்தாள்.

"எங்கட புள்ளயும் அந்த வீட்டுலதானே படுத்துச்சு" என்றாள். பல நாள் அவனோடு தேவைக்கு மட்டுமே பேசினாள்.

டிசம்பர் இரண்டாந் தேதி சுதேஷ் விமானம் ஏறினான். போவதற்கு முன்னால் அவனுக்கும் மற்ற இருவருக்கும் ருஷ்தி எல்லாவற்றையும் சொன்னான். சுதேஷ் நம்பவில்லை, நம்ப விரும்பவில்லை. நிருஷாதான் கேட்டாள்: "அப்ப நான் தட்டுற சத்தம் கேட்டேன்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?" ருஷ்தி தெரியும் என்றான். அவள் அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.

அனோஜன் பிடுங்கிய டிஸ்கில் ஒன்பது பாட்டும் முழுதாக இருந்தன. பத்தாவதன் குரல் ஒரு முனகல்போல வெட்டுப்பட்டுக் கிடந்தது. அதை விட்டுவிட்டார்கள். ரிப்காவின் ராத்தா வீட்டு முன்னறையில், கொழும்பு வீதியின் பஸ்கள் அலறுவதற்கு நடுவே, அனோஜனின் மடிக்கணினியில் ருஷ்தி அந்த ஒன்பதையும் கலந்து முடித்தான். ஜனவரியில் 'அந்திக்கொழுந்து' என்ற பெயரில் வெளிவந்தது. உயிர் காத்தவருக்கு நன்றி என்று போடலாமா என்று ருமேனியாவிலிருந்து சுதேஷ் கேட்டிருந்தான். ருஷ்தி வேண்டாம் என்றான். ஒலிப்பதிவு என்று போட்டு வெறும் பெயரைப் போடச் சொன்னான்.

தோட்டத்துப் பையன்கள் அந்த ஆல்பத்தை அவ்வளவு கேட்டார்கள். தெல்தோட்டைப் பக்கம் முச்சக்கர வண்டிகளில் அதுவே ஓடியது. ருஷ்தி ஒரு தடவை பஸ்ஸில் கேட்டான். இரண்டாம் பாட்டு முடியுமுன் இறங்கி, மிச்ச வழியை நடந்தான்.

விபரம் எடுத்த உத்தியோகத்தருக்கு, செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு, டிசம்பரிலேயே அவன் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதிலில்லை. பிறகு பதிவுத் தபாலில் வந்தது. மண்சரிவை ஆராய்கிறவர்கள் இடத்தைப் பார்த்துவிட்டார்கள், விசாரணைக்கு இன்ன தேதி வரவேண்டும், மேல் வீட்டுக்காரரும் அழைக்கப்பட்டிருக்கிறார். வழக்குப் போடப்படலாம் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொன்னார். அவரே இன்னொன்றும் சொன்னார்: "யாரும் கேக்காத ஒன்ன நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இன்னும் மாத்தலாம். அதிர்ச்சில எழுதினதுன்னு சொல்லலாம்."

விசாரணை நாளன்று காலை ரிப்கா அவன் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக் கையில் கொடுத்தாள்.

"என்ன செல்லப் போறீங்க?"

"எழுதினதத்தான்."

அவள் தன் கைக்குட்டையை எடுத்து அவன் பையில் வைத்தாள்.

விசாரணைக் கந்தோர் வாசலில் செசிலியா அக்கா ஏற்கெனவே வந்து நின்றார். யாழ்ப்பாணத்தில் தங்கை வீட்டிலிருந்து முதல்நாளே வந்திருந்தார். முன்னைவிட மெலிந்திருந்தார். மேகம் கறுத்து வந்தது. அவர் குடையை அவனிடம் நீட்டினார்.

"இதைப் பிடியும். அடையாள அட்டையை எடுக்கவேணும்."

அவர் கைப்பைக்குள் தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து யாரோ ருஷ்தியின் முழுப்பெயரைச் சிங்களத்தில் கூப்பிட்டார்கள். அவன் குடையை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.